துப்பாக்கி உரிமம் கேட்கும் முன் விதி மூன்றைக் கேளுங்கள்

"மனைவியின் கைப்பையில் வைத்துக்கொள்கிற அளவில் ஒரு சின்னத் துப்பாக்கி வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். சட்டப்படி முடியுமா? எதை வாங்குவது?" நாவலூரில் குடியிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. அவர் பட்டியல் சாதியில் பிறந்தவர். மனைவி வேறு சாதி. இருவரும் பழைய மகாபலிபுரம் சாலை நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். மனைவியின் வீட்டாரிடமிருந்து மிரட்டல் வந்துகொண்டே இருக்கிறது. இரவுப் பணி முடிந்து அவர் வீடு திரும்பும் வரை இவருக்குத் தூக்கம் இல்லை.

இப்படிக் கேட்பவரைப் பார்த்துச் சிரிக்க முடியாது. சினிமா பார்த்துக் கெட்டுப் போனவர் என்று ஒதுக்கவும் முடியாது. உரிமம் கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைப் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஒரு சட்ட விதியே எழுதி வைத்திருக்கிறது. ஆனால் அதே விதியில் அந்த வரிக்கு முன்னால் வேறு சில வரிகளும் இருக்கின்றன. அவற்றை அரசு செய்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஆகவே துப்பாக்கியைப் பற்றியும் பேசுவோம், அந்த வரிகளைப் பற்றியும் பேசுவோம்.

பயம் கற்பனை அல்ல

நாவலூருக்கு வெகுதூரம் போக வேண்டாம். 2024 பிப்ரவரி 24 இரவு பள்ளிக்கரணையில் பட்டியல் சாதி இளைஞர் ஒருவர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். சாதி மறுப்புத் திருமணம் செய்து சில மாதங்களே ஆகியிருந்தன. மனைவியின் அண்ணனும் அவருடன் வந்தவர்களும் கைதானார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்தப் பெண்ணும் உயிரை மாய்த்துக்கொண்டார். 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்டவர் சென்னையில் வேலை பார்த்த மென்பொறியாளர். நல்ல படிப்பு, நல்ல சம்பளம், நகரத்து வாழ்க்கை எதுவும் அவரைக் காப்பாற்றவில்லை.

ஊரை விட்டுச் சென்னைக்கு வந்தால் சாதி பின்தொடராது என்ற நம்பிக்கையில்தான் பல இணையர் நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம், படூர் பக்கம் வீடு பிடிக்கிறார்கள். அடுக்ககத்தில் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது என்பது இவர்களுக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் நம்மை யாருக்கும் தெரியாத இடத்தில், நம்மைத் தேடி வருகிறவனையும் யாருக்கும் தெரியாது. ஊரில் என்றால் சேரி முழுக்க ஓடி வரும். இங்கே வாசல் காவலாளி ஒருவர்தான். அந்தத் தனிமையில்தான் துப்பாக்கி என்ற யோசனை பிறக்கிறது.

மனைவிக்காகக் கணவன் வாங்க முடியாது

முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் என்பது ஒரு தனி நபரின் பெயரில் வருவது. கணவன் பெயரில் உரிமம் வாங்கி, துப்பாக்கியை மனைவியின் கைப்பையில் வைத்தால் இருவருமே வழக்கில் மாட்டுவார்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டுச் சிறை. எனவே வேண்டும் என்றால் மனைவிதான் விண்ணப்பிக்க வேண்டும். அவருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். மாநகரக் காவல் எல்லைக்குள் காவல் ஆணையரும் மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியரும் உரிமம் தரும் அதிகாரிகள். உள்ளூர் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை கொடுத்த பிறகே முடிவு.

விண்ணப்பிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு உட்பிரிவுகள் இந்தச் சட்டத்தின் 14ஆம் பிரிவில் உள்ளன. போதுமான சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யாருக்கும் உரிமம் மறுக்கக் கூடாது என்கிறது ஒன்று. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும் என்கிறது மற்றொன்று. பொது நலன் கருதிக் காரணத்தைச் சொல்லாமல் விடவும் அதிகாரிக்கு இடம் உண்டு. ஆனாலும் மேல்முறையீடு செய்யலாம். 'உனக்கு எதுக்கய்யா துப்பாக்கி, என்ன சொத்து இருக்கு உன்னிடம்' என்று வாய்மொழியாக விரட்டி அனுப்புவது சட்டம் அல்ல.

எதை வாங்குவது என்ற கேள்விக்கு வருவோம். 2014 ஜனவரியில் கான்பூர் அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரை வெளியிட்டது. பெண்களுக்கென்றே செய்தது என்றார்கள். 2012 டெல்லிக் கொடுமையில் இறந்த பெண்ணை நினைவூட்டும் பெயர். .32 அளவு, சுமார் அரைக் கிலோ எடை, டைட்டானியம் கலந்த உலோகம். நகைப் பெட்டி போன்ற ஒரு மெரூன் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். அன்றைய விலை 1,22,360 ரூபாய். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். அந்தக் கூலியில் 364 நாள் வேலை செய்தால் அந்தப் பழைய விலைக்கே சரியாகப் போகும். வருடத்துக்கு நூறு நாள் என்றால் மூன்றரை வருடத்துக்கு மேல். தோட்டாக் காசும் பயிற்சிச் செலவும் தனி.

வாங்கிய பிறகும் கட்டுப்பாடுகள் உண்டு. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ முழுவதும் மூடித்தான் கொண்டுபோக வேண்டும். வெளியே எடுத்துக் காட்டக் கூடாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்வார்கள். முடிவு வந்த பிறகே திரும்பக் கிடைக்கும். அந்த வாரங்களில் மிரட்டுகிறவனின் அரிவாளை யாரும் ஒப்படைக்கச் சொல்வதில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உரிம விசாரணைக்குக் காவலர் அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்கும் தாள் போகலாம். முகவரியை மறைத்து வாழும் இணையருக்கு இந்த விசாரணையே முகவரியைக் காட்டிக் கொடுத்துவிடக் கூடும்.

ஆயுதத்துக்கும் சாதி உண்டு

இத்தனை சிரமம் இருந்தும் ஒரு தலித் துப்பாக்கி உரிமம் கேட்பதில் ஒரு வரலாற்று நியாயம் இருக்கிறது. யார் ஆயுதம் வைத்திருக்கலாம் என்பதை இந்த மண்ணில் எப்போதும் பிறப்பே தீர்மானித்திருக்கிறது. 1936இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் இதைத்தான் சுட்டிக்காட்டினார். நால்வருண முறை கீழ்நிலை மக்களிடமிருந்து ஆயுதத்தையும் கல்வியையும் சேர்த்தே பறித்தது, ஆகவே அவர்களால் எதிர்த்து எழ முடியவில்லை என்பது அவருடைய வாதம். அவருடைய தந்தை ராம்ஜி பிரிட்டிஷ் இந்தியப் படையில் சுபேதாராக இருந்தவர். 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கோட்பாட்டைக் காட்டி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மகர்களுக்குப் படைக் கதவை அடைத்தார்கள். மகர் படைப்பிரிவு உருவாக 1941 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

லிட்டன் பிரபு காலத்து 1878 ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது, ஐரோப்பியருக்கு விலக்கு தந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் பிறப்பு சார்ந்த விலக்கு முழுதாகப் போய்விடவில்லை. பக்கத்துக் குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும் ஜம்மா நில உரிமை உள்ளவர்களுக்கும் உரிமம் எடுப்பதிலிருந்து விலக்கு உண்டு. ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அவர்கள் மரபை நான் குறை சொல்லவில்லை. ஒரு சமூகத்துக்குத் துப்பாக்கி மரபு, இன்னொரு சமூகத்துக்குத் துப்பாக்கி சந்தேகம் என்ற கணக்கைத்தான் சொல்கிறேன். 2016 இறுதியில் நாடு முழுவதும் இருந்த 33.69 லட்சம் உரிமங்களில் 12.77 லட்சம் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் இருந்தன. நிலமும் செல்வாக்கும் குவிந்த கைகளில் துப்பாக்கி அந்தஸ்தின் அடையாளமாக இருக்கும் மாநிலம் அது.

தமிழ்நாட்டிலும் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணிக்கு வந்த நிலக்கிழார்களின் ஆட்களிடம் துப்பாக்கி இருந்தது. எரிந்து செத்த 44 பேரிடம் இல்லை.

ஆகவே 2020இல் ஹாத்ரஸ் கொடுமைக்குப் பிறகு பீம் ஆர்மித் தலைவர் சந்திரசேகர் ஆசாத், 20 லட்சம் வெகுமக்களுக்குத் துப்பாக்கி உரிமம் கொடுங்கள், வாங்கப் பாதி மானியமும் கொடுங்கள் என்று கேட்டபோது அது வெறும் ஆவேசம் அல்ல. 'அரசு காப்பாற்றாது, ஆகவே நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்ற கசப்பு அதில் இருந்தது. அமெரிக்காவில் கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் 1892லேயே, வெள்ளையரின் கும்பல் கொலைக்கு எதிராகக் கறுப்பர் வீடுகளில் துப்பாக்கி இருக்க வேண்டும் என்று எழுதினார். அங்கே 1966இல் கருஞ்சிறுத்தைகள் துப்பாக்கியுடன் தெருவில் இறங்கி, கறுப்பர்களிடம் போலீஸ் நடந்துகொள்ளும் விதத்தைக் கண்காணித்தார்கள். மறு ஆண்டே கலிஃபோர்னியா அரசு தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டுபோவதைத் தடை செய்து சட்டம் போட்டது. அந்தக் கருஞ்சிறுத்தைகளின் பெயரைத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எடுத்துக்கொண்டார்கள்.

விதி மூன்று சொல்லும் வரிசை

இப்போது சட்ட விதிக்கு வருவோம். பட்டியல் சாதிகள் மற்றும் பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995. அதன் மூன்றாம் விதி, வன்கொடுமை நடக்கும் முன்பே அரசு செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்துகிறது. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகளை முதலில் அடையாளம் காண வேண்டும். ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே நேரில் போய்ச் சட்டம் ஒழுங்கை ஆய்வு செய்ய வேண்டும். மூன்றாவதாக, தேவை என்று கருதினால் அந்தப் பகுதியில் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து, ஆயுதங்களை அரசுக் கிடங்கில் வைக்க வேண்டும். அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் வரை இது பொருந்தும். நான்காவதாக, கள்ளத் துப்பாக்கிகளைப் பறிமுதல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் ஐந்தாவது: உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு வேண்டி, தேவை என்று கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம்.

இந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. முதலில் ஆபத்தைக் கண்டுபிடி. பிறகு மிரட்டுகிறவனின் கையைக் காலி செய். அதன் பிறகும் தேவை என்றால் மிரட்டப்படுகிறவருக்கு ஆயுதம் கொடு. ஐந்தாவது வரியை மட்டும் பிடித்துக்கொண்டு முதல் நான்கையும் விட்டுவிட்டால், அரசின் வேலை முழுவதையும் ஒரு பெண்ணின் கைப்பையில் ஏற்றி வைத்ததாகிவிடும்.

நம் வாசகரின் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்தாவது வரி பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு மட்டும். அவருடைய மனைவி பிறப்பால் வேறு சாதி. ஆகவே அந்த வரி கணவருக்குப் பொருந்தும், மனைவிக்குப் பொருந்தாது. அவர் பொது வழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சாதியை மீறி வந்த பெண்ணை அவள் வீடு தள்ளி வைக்கிறது, இந்த வரியும் உள்ளே சேர்ப்பதில்லை. ஆனால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 திருத்தம் தந்த விளக்கப்படி, 'பாதிக்கப்பட்டவர்' என்ற சொல்லில் அவருடைய உறவினரும் அடங்குவர். கணவரைக் குறிவைத்துக் குற்றம் நடந்து வழக்குப் பதிவாகியிருந்தால், 15A பிரிவு தரும் பாதுகாப்பை மனைவியும் கேட்கலாம். துப்பாக்கி உரிமத்தைவிட இந்த வாசல் அவருக்கு அகலமானது.

துப்பாக்கி காப்பாற்றுமா?

இதை உணர்ச்சிவசப்படாமல் பார்க்க வேண்டும். 2024 ஜூலை 5 மாலை பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் வழக்கறிஞர், சுற்றிலும் ஆட்கள் இருக்கும் தலைவர், தன் சொந்தத் தெருவில் நின்றிருந்தவர். அவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தது. நாடாளுமன்றத் தேர்தலுக்காக அதை ஒப்படைத்திருந்தார், தேர்தல் முடிந்து ஜூன் மாதம் திரும்பப் பெற்றிருந்தார் என்று அன்றைய சென்னைக் காவல் ஆணையர் தெரிவித்தார். அந்தத் துப்பாக்கியால் அவரைக் காப்பாற்ற முடியவில்லை. நாலைந்து பேர் அரிவாளுடன் ஒரே நேரத்தில் பாயும்போது உறையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் நேரம் யாருக்கும் கிடைப்பதில்லை.

2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் சங்கர், கௌசல்யா இணையரைத் தாக்கிய காட்சி கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி நாடே பார்த்தது. பட்டப்பகல், பேருந்து நிலையம் அருகே, கூட்டத்துக்கு நடுவில். எல்லாம் சில நொடிகளில் முடிந்துபோனது. கௌசல்யாவும் வெட்டுப்பட்டார். அந்த நொடிகளில் அவர் கைப்பையில் நிர்பீக் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவர் கைப்பையைத் திறந்திருக்கவே மாட்டார்.

அடுத்த கேள்வி இன்னும் கடினமானது. ஆணவக் கொலைக்கு வருகிறவர்கள் யார்? அப்பா, அண்ணன், மாமன், சித்தப்பா மகன். 'சமாதானமாகப் பேசலாம், குழந்தையைப் பார்க்க வேண்டும்' என்று சொல்லிக் கதவைத் தட்டுகிறவர்கள். தன்னைத் தோளில் தூக்கி வளர்த்த அண்ணன் நேரே நிற்கும்போது ஒரு தங்கை துப்பாக்கியை நீட்ட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோமா? தற்காப்புக்காகச் சுடும் உரிமை பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. ஆனால் சுட்டவர் தற்காப்பு என்பதை நீதிமன்றத்தில் வழக்காடித்தான் பெற வேண்டும். சாதி மறுத்து மணந்த பெண் தன் அண்ணனைச் சுட்டால், ஊரும் ஊடகமும் முதல் நாளே யாரைக் குற்றவாளி ஆக்கும் என்பது நமக்குத் தெரியும்.

வீட்டுக்குள் துப்பாக்கி வந்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1993இல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு, துப்பாக்கி உள்ள வீட்டில் கொலை நடக்கும் அபாயம் 2.7 மடங்கு என்றது. 11 நகரங்களில் நடத்தி 2003இல் வெளியான இன்னோர் ஆய்வு, மனைவியை அடிக்கிற கணவன் கையில் துப்பாக்கி கிடைத்தால் அவள் கொல்லப்படும் அபாயம் 5 மடங்கு ஆகிறது என்றது. காதல் திருமணமும் திருமணம்தான். அதிலும் சண்டை வரும், குடி வரும், மனச்சோர்வு வரும். பள்ளிக்கரணையில் கணவனை இழந்த பெண் இரண்டு மாதத்தில் என்ன செய்துகொண்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். அத்தகைய துயரத்தில் இருக்கும் வீட்டில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி இருப்பது பாதுகாப்பா?

உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருந்தாலும் எல்லோருக்கும் ஒரே மரியாதை கிடைப்பதில்லை. 2016 ஜூலை 6 அன்று அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பினத்தவரின் காரைப் போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே முன்கூட்டிச் சொன்னார். சட்டப்படி வைத்திருந்த துப்பாக்கிதான் அது. பக்கத்து இருக்கையில் அவருடைய இணை, பின்னிருக்கையில் ஒரு குழந்தை. போலீஸ்காரர் அவரைச் சுட்டுக் கொன்றார். பின்னர் அந்த போலீஸ்காரர் விடுதலையானார். இரவு வாகனச் சோதனையில் நம் பிள்ளைகளிடம் 'எந்த ஏரியா' என்று கேட்கும் தொனியை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அப்படியென்றால் மனு போட்டுக்கொண்டே இருப்பதா?

நியாயமான கேள்வி. 1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன், மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் பேருந்தில்தான் உடன் வந்தவர்களோடு கொல்லப்பட்டார். அவரும் பாதுகாப்பு கேட்டவர்தான். மனுவை நம்பு என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லி எதிர்த்துக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஆனால் மேலவளவுக்குப் பிறகு சட்டத்தில் சில பற்கள் முளைத்திருக்கின்றன. அவற்றை நாம் பயன்படுத்துவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவை எடுத்துக்கொள்வோம். பட்டியல் சாதி, பழங்குடி அல்லாத ஓர் அரசு ஊழியர் இந்தச் சட்டமும் விதிகளும் சுமத்திய கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விட்டால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. எவையெல்லாம் கடமை என்று 2015 திருத்தம் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலின் கடைசி வரி, சட்டத்திலும் விதிகளிலும் சொல்லப்பட்ட மற்ற எல்லாக் கடமைகளையும் உள்ளே இழுத்துவிட்டது. மூன்றாம் விதியும் அதற்குள் வரும். நிர்வாக விசாரணையின் பரிந்துரை வந்த பிறகே வழக்கு என்ற தடை இருக்கிறது. ஆனால் 'எனக்குத் தகவலே வரவில்லை' என்று அதிகாரி சொல்ல முடியாதபடி தேதியிட்ட மனுவும் ஒப்புகையும் நம் கையில் இருந்தால்தான் அந்த விசாரணையையே கேட்க முடியும்.

2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதி மறுத்து மணந்தவர்களுக்காகத் தெளிவான ஆணைகளை இட்டது. மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேர உதவி எண், தங்குவதற்குப் பாதுகாப்பு இல்லம், மிரட்டல் குறித்து உடனடி விசாரணை, கடமை தவறிய அதிகாரி மீது துறை நடவடிக்கை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே சென்னை உயர் நீதிமன்றமும் மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும் என்று உத்தரவிட்டிருந்தது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு அரசு, ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவித்தது. தனிச் சட்டம் வரட்டும், வரவேற்போம். அது வரும் வரை இருக்கிற சட்டம் தூங்கக் கூடாது.

ஆகவே மிரட்டல் உள்ள இணையர் செய்ய வேண்டியவை இவை. வந்த மிரட்டல் ஒவ்வொன்றையும் தேதி, நேரம், எண், சொன்ன சொல் என்று எழுதி வையுங்கள். குரல் பதிவையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் நம்பிக்கையான இன்னொருவரிடமும் கொடுத்து வையுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். உள்ளூர் நிலையத்தில் நம்பிக்கை இல்லை என்றால் தாம்பரம் காவல் ஆணையருக்கும் செங்கல்பட்டு ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவில் 'பாதுகாப்பு தாருங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'மூன்றாம் விதிப்படி, எங்களை மிரட்டும் இன்னாரிடமும் அவர் உறவினரிடமும் ஆயுத உரிமம் இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் ரத்து செய்ய வேண்டும். சக்தி வாஹினி தீர்ப்புப்படி மிரட்டலை விசாரிக்க வேண்டும். எங்கள் முகவரியை யாருக்கும் வெளியிடக் கூடாது' என்று கேளுங்கள். வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566, பெண்களுக்கான எண் 181 இரண்டையும் இருவர் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். பேச்சுவார்த்தை என்று ஊருக்குக் கூப்பிட்டால் தனியாகப் போகாதீர்கள். இவ்வளவும் செய்த பிறகு, மனைவி தானே யோசித்துத் தானே முடிவு செய்து துப்பாக்கி உரிமம் கேட்க விரும்பினால் கேட்கட்டும். அது அவர் உரிமை. அவருக்காக இன்னொருவர் எடுக்கும் முடிவாக அது இருக்கக் கூடாது. பெண்ணின் பாதுகாப்பை ஆண்கள் கூடி முடிவு செய்வதில்தான் ஆணவக் கொலையே தொடங்குகிறது.

துப்பாக்கி வாங்க முடியாதவர்கள்

இந்தச் சாலையிலேயே இன்னொரு கூட்டம் இருக்கிறது. பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் நகரத்திலிருந்து பெயர்த்து வந்து குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். நாவலூர் அலுவலகங்களையும் அடுக்ககங்களையும் கூட்டித் துடைப்பது இந்தப் பெண்கள்தான். விடியற்காலை முதல் பேருந்துக்கு இருட்டில் நடக்கிறார்கள், இரவு கடைசிப் பேருந்தில் இறங்கி மறுபடி இருட்டில் நடக்கிறார்கள். ஒன்றேகால் லட்சம் ரூபாய்த் துப்பாக்கியைப் பற்றி அவர்களிடம் பேசுவது கேலி. அவர்களுக்கு வேண்டியது எரிகிற தெருவிளக்கு, நேரத்துக்கு வரும் பேருந்து, 'இந்த ஏரியா பொம்பளைங்க' என்று இழுத்துப் பேசாமல் புகாரை எழுதிக்கொள்ளும் காவல் நிலையம். பாதுகாப்பு என்பது அவரவர் வாங்கிக்கொள்ளும் பொருளானால், வாங்க முடிந்தவருக்கு மட்டும்தான் கிடைக்கும்.

ஆட்சியரிடம் கேட்க வேண்டியவை

மூன்றாம் விதி காகிதத்திலேயே கிடப்பதற்கு அதிகாரிகள் மட்டும் காரணம் அல்ல, நாம் அதைக் கேட்காததும் காரணம். வன்கொடுமைத் தடுப்பு விதிகளின் 17ஆம் விதிப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆட்சியர் தலைமையில் விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். மாவட்டத்தின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் அதில் உறுப்பினர்கள். செங்கல்பட்டு மாவட்டக் குழுவின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்பும்படி நம் இயக்கத் தோழர்களும் மக்கள் பிரதிநிதிகளும் வலியுறுத்த வேண்டும்.

ஒன்று: இந்த மாவட்டத்தில் வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதிகள் என்று எவை எவை அடையாளம் காணப்பட்டுள்ளன, பள்ளிக்கரணைக் கொலைக்குப் பிறகு அந்தப் பட்டியலில் என்ன மாற்றம் செய்தீர்கள்? இரண்டு: விதி மூன்றின்படி இதுவரை எத்தனை பேரின் ஆயுத உரிமம் ரத்தானது, பட்டியல் சாதியினர் கேட்ட உரிமங்களில் எத்தனை வழங்கப்பட்டன, எத்தனை மறுக்கப்பட்டன, மறுத்ததற்கு எழுதிய காரணம் என்ன? மூன்று: சாதி மறுத்து மணந்த இணையர் இன்று இரவு கதவைத் தட்டினால் தங்க வைக்க இந்த மாவட்டத்தில் பாதுகாப்பு இல்லம் தயாராக இருக்கிறதா, அதன் பொறுப்பு அதிகாரி யார்?

இந்தக் கேள்விகளுக்கான பதில் கூட்டக் குறிப்பில் எழுத்தாகப் பதிவாக வேண்டும். பதில் சொல்லாவிட்டால் அதுவும் பதிவாக வேண்டும். நாளை ஏதேனும் நடந்தால், யார் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்று கேட்க அந்தத் தாள் நம்மிடம் இருக்கும்.